தறி செய்த ஹவில்தார்

செல்லூர்த் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

மதுரைச் செல்லூரில் பிறந்து வளர்ந்து, இன்று சென்னையிலும் பெங்களூருவிலும் திருப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ற மாதம் உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் படம் வந்திருக்கும். கபடி ரவுண்டானாவிலிருந்து குலமங்கலம் சாலை வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். பச்சை உடுப்பு, மார்பில் பதக்கங்கள், பின்னால் தேசியக் கொடி, கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று கொட்டை எழுத்து. நம் தெருவே ‘பட்டாளத்து மாமா’ என்று கூப்பிட்டவர்தான். வீட்டார் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

அந்தச் சுவரொட்டியில் இருந்ததெல்லாம் உண்மை. ஆனால் அவருடைய எண்பத்துச் சொச்சம் வயதில் பதினேழு வருடத்தைத்தான் அது சொல்லியது. பட்டாளத்திலிருந்து திரும்பியபின் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அவர் செல்லூரில் தறி செய்தார், பழைய தறிக்கு மரம் மாற்றினார், நாடா ஓடாத பலகையைச் சீவி ஓட வைத்தார். உங்களில் பாதிப் பேர் வீட்டில் சோறு பொங்கியது அவர் இழைத்த மரத்தில் நெய்த துணியால். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தில்கூட அவர் கையில் உளி இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அவர் பிறந்ததும் தறி வீட்டில்தான். அப்பா கூலிக்கு நெய்தவர், அம்மா தார் சுற்றியவர். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்தைப் பெருக்கினார்கள். ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள். அடுத்த வருடமே இவர் பெங்களூரு போய்விட்டார். சேர்ந்தது மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் உள்ள அந்தப் படைக்கு 1780 வரை நீளுகிற வரலாறு உண்டு. இந்திய ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களைத் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார்கள்; பஞ்சாபியும் கூர்க்காவும்கூட அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிதிபட்ட கண்ணிவெடி ஒன்றின்மேல் தானே படுத்துக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைக்காரர்தான். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர் அவர். மாமா அந்தப் பெயரைச் சொல்லும்போது உட்கார்ந்திருந்தால் எழுந்து நின்றுவிடுவார்.

படையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் சொல்லிக்கொடுப்பார்கள். இவருக்குத் தச்சு. நாற்காலி, மேசை செய்கிற தச்சு அதில் கொஞ்சம்தான். பாலத்துக்குப் பலகை பாவுவது, ஆற்றங்கரையில் மரத்தாங்கி கட்டுவது, குளிரில் வெடித்துப்போன மரத்தை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது. பெய்லி பாலம் கட்டுவதைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். அந்தப் பாலத்தின் ஒரு இரும்புச் சட்டம் பத்தடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்கணும். ஒருத்தன் தோள் தணிந்தாலும் மற்ற ஐந்து பேர் இடுப்பும் போய்விடும். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பலத்தைவிட உயரத்தைத்தான் முதலில் பார்ப்போம் என்பார். ஆளின் அளவைக் கண்ணாலேயே எடுக்கிற பழக்கம் அங்கே வந்தது. அது பின்னால் செல்லூருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

1971 டிசம்பரில் அவர் மேற்கு எல்லையில், ஷகர்கர் பக்கம் இருந்தார். பசந்தர் ஆற்றைச் சுற்றி எதிரி புதைத்து வைத்திருந்த கண்ணிவெடி வயல்களில் டாங்கிகள் போக வழி எடுத்துக் கொடுத்தவர்கள் பொறியாளர் படையினர். பூனா ஹார்ஸ் படையின் இளம் அதிகாரி அருண் கேத்ரபால் டிசம்பர் 16 அன்று அங்கே உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்ரா பெற்றதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த டாங்கிகளுக்கு வழி திறந்த 9ஆவது எஞ்சினியர் ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தப் போரில்தான் இறந்தார். அவருக்கு மகாவீர் சக்ரா. மாமா போரைப் பற்றிச் சொன்னது குறைவு. மண்ணில் கம்பியைச் சாய்த்துக் குத்தி வெடியைத் தேடுவதை ஒருமுறை தரையில் செய்து காட்டினார். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்துக் குத்தினால் விலாவில் படும். அவ்வளவுதான் சொன்னார். கூட இருந்து திரும்பாதவர்களைப் பற்றி அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

1980இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். அந்த வயதில் முன்னாள் படைவீரருக்கு ஊரில் கிடைக்கிற வேலை வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பது. அவருக்கும் அது வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுத் திண்ணையை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு, தறி மரம் செய்ய உட்கார்ந்தார். அவருடைய அப்பாவின் தறியைத்தான் முதலில் பிரித்துச் செய்தார்.

குழித்தறியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்து மிதித்தவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். குழி மண்ணின் ஈரம் பாவு இழையை முறுகி அறாமல் வைத்திருக்கும். அதனால்தான் நம் பாட்டன்கள் தறியைத் தரைக்குள் இறக்கினார்கள். ஆனால் நூலுக்கு நல்லது செய்கிற அதே ஈரம் மரத்துக்குப் பகை. ஒரு மழைக்காலம் போனால் பலகை கோணும். நாடா ஓடுகிற பலகை மயிரிழை கோணினாலும் நாடா தடம் மாறிப் பறக்கும். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கிறது. பறந்தால் பக்கத்துத் தறிக்காரருடைய கண்ணுக்கு ஆபத்து. நெய்த துணி சுற்றுகிற படைமரம் முழு உருண்டையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தளரும். கரை நெளிந்த சேலையை எடைபோடும்போதே முதலாளி கூலியைப் பிடித்துவிடுவார். தறிமரத்தில் வந்த பிழைக்கு நெய்தவர் கூலி குறையும். மாமாவுக்கு ஆத்திரம் வருவது இதில்தான். “அவன் கை சுத்தம். கட்டைதான் கோணல். கட்டையைச் செஞ்சவன்கிட்ட இல்ல காசைப் பிடிக்கணும்” என்பார்.

அதனால் அவர் புது மரமே வாங்க மாட்டார். காரைக்குடிப் பக்கம் இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய உத்தரம், நிலை, தூண் என்று தேக்காக வாங்கி வருவார். ஐம்பது அறுபது வருடம் வெயிலும் புழுக்கமும் பார்த்து, இனி கோணுவதற்கு ஒன்றுமில்லாத மரம். அதையும் வாங்கியவுடன் தொட மாட்டார். கொட்டகையில் ஒரு கோடையும் ஒரு மழையும் கிடக்கும். அவசரப்படுத்தியவர்களிடம் “ஈரம் இருக்குப்பா, கிடக்கட்டும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதுவரைக்கும் அவர்களுடைய பழைய தறி நிற்காமல் ஓட, தன்னிடமிருந்த வேறொரு பலகையை மாட்டிக்கொடுப்பார். அதற்கு வாடகை கேட்டதில்லை.

தறி ஓட்டுகிற ஆளுக்குத் தகுந்தபடி தறி செய்தவர் இவர். சொல்வதற்கு எளிது. அதுவரை செல்லூரில் தறி என்றால் ஒரே அளவுதான். குட்டையானவர் காலை எட்டி மிதித்து இடுப்பைக் கெடுத்துக்கொள்வார், நெட்டையானவர் கூனிக்கொள்வார். அது விதி என்றே நம் பெரியவர்கள் நினைத்திருந்தார்கள். மாமா மூங்கில் சிம்பை எடுத்துக்கொண்டு வருவார். குழியில் உட்காரச் சொல்லி, முழங்காலிலிருந்து பாதம், தோளிலிருந்து விரல் நுனி என்று அளந்து சிம்பில் வெட்டுப் போடுவார். அடியில் அந்த வீட்டுக் கதவிலக்கத்தை மையால் எழுதுவார். வீட்டுக்கு ஒரு சிம்பு.

ஆண்கள் விசைத்தறிக்கும் கட்டட வேலைக்கும் போனபின், கைத்தறியில் உட்கார்ந்தவர்கள் நம் அம்மாக்கள். அதுவரை தார் சுற்றிக்கொண்டும் பாவு பிணைத்துக்கொண்டும் இருந்தவர்கள், ஆணின் கை கால் நீளத்துக்குச் செய்த தறியில் ஏறினார்கள். மாமா வீடு வீடாகப் போய் மிதிகட்டையை உயர்த்தினார், பலகையின் தொங்கலைக் குறைத்தார், உட்காருகிற இடத்தை மாற்றினார். என் அம்மாவுக்கு முதுகுவலி இல்லாமல் இருபது வருடம் நெய்ய முடிந்தது அதனால்தான். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. எந்தத் துறையும் அதற்கு உத்தரவு போடவும் இல்லை. இந்த ஒரு வேலைக்காகவே அவர் படத்தை நம் தெருவில் மாட்டலாம் என்பது என் துணிபு.

கூலி நாள் சனிக்கிழமை. அவருக்கான காசும் சனிக்கிழமைதான், தவணையில், முடிந்த மட்டும். நோட்டு எழுதி வைத்திருந்தார். வராத கணக்கை யாரிடமும் எடுத்துக்காட்டியதில்லை. ஓய்வூதியம் இருந்ததால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். ஓய்வூதியம் வாங்கிய எல்லோரும் அப்படி இருந்தார்களா என்று அவர்களிடம் கேளுங்கள்.

கைத்தறியின் முடிவு அவர் கண்முன்னே நடந்தது. சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்று சொன்னது 1993இல்தான். நடுவில் போன எட்டு வருடத்தில் செல்லூரின் சத்தமே மாறிவிட்டது. நாடு முழுக்க 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தார்கள். மாமா விசைத்தறியைச் சபித்து உட்காரவில்லை. அதன் மரப்பாகங்களையும் செய்து கொடுத்தார். அதிலும் ஓட்டுவது நம் பிள்ளைகள்தானே என்றார். கைத்தறியைப் பிரிக்கிற வீட்டுக்கு மட்டும் அவரே வந்து ஆணியைக் கழற்றுவார். வேறு யாரையும் கோடாலி வைக்க விடமாட்டார்.

இனி அவருடைய வீட்டைப் பற்றி. அத்தையைக் கட்டியபோது அவர் பணியில் இருந்தார். கடிதம் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிக்குப் போகும். அந்த எண்ணை வைத்து ஆள் எந்த மலையில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. அத்தைக்கு எழுத்து தெரியாது. மாமா எழுதுவதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். தன் பெண்டாட்டிக்கு எழுதுவதை இன்னொருத்தர் படிக்கிறாரே என்பது அவருக்கு உறுத்தியிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது சிலேட்டும் பலப்பமும் வாங்கிக்கொண்டு வந்தார். பகலில் மாமனார் மாமியார் முன்னால் வெட்கம் என்பதால் இரவில் பாடம். அதற்கடுத்த வருடம் அத்தை தன் கையால் எழுதிய கடிதம் எல்லைக்குப் போயிற்று. பிறகு மூன்று பெண் பிள்ளைகளையும் கோரிப்பாளையத்து மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் படிக்க வைத்தது அத்தையின் பிடிவாதம். மூத்தவளைப் பத்தாவதோடு நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்தபோது, “என் வீட்டு ஆபீசர் அவதான், அவகிட்டக் கேளுங்க” என்று அத்தையைக் காட்டினாராம்.

ராணுவக் கேன்டீனில் கிடைக்கிற மதுக் கோட்டாவை அவர் வாங்கியதும் இல்லை, வாங்கி வெளியில் விற்றதும் இல்லை. நம் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தபின், அவர் தறி வேலையைக் குறைத்துக்கொண்டார். வீட்டுச் சுவர் நெடுக, படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும், அத்தையின் இடக்கை எட்டுகிற உயரத்தில் மரக் கைப்பிடி அடித்தார். அதற்கும் சிம்பு வைத்து அளந்தார். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் பந்தல்குடி கால்வாய் நிறைந்து செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் வந்ததே, அன்று எண்பது தாண்டிய அந்த மனிதர் முதலில் அத்தையை மாடிக்கு ஏற்றினார். அடுத்து ஒரு தகரப்பெட்டி. அதற்கடுத்துத்தான் சிம்புக் கட்டு. கொட்டகை மரமெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அதைப் பார்க்கவும் இல்லை.

அந்தத் தகரப்பெட்டியைப் பற்றித்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். அதில் இருந்தது அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, அத்தையின் ஆதார். அவரோடு பணியாற்றிய ஒருவர் இறந்தபோது, அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வராமல் அலைந்தார்கள். காரணம் இவ்வளவுதான்: கல்யாணமான புதிதில் படையில் எழுதிக் கொடுத்த பெயர் வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயர், ஆதாரில் இருப்பது வேறு பெயர். பிறந்த தேதியும் பொருந்தவில்லை. கணவனோடு ஐம்பது வருடம் வாழ்ந்த அந்த அம்மா, தான்தான் மனைவி என்று காகிதம் காகிதமாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

மாமா அன்றே தன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அத்தை பெயரிலும் எழுத்துப் பிழை. பிரமாணப் பத்திரம் எழுதி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் பெங்களூரு ஆவணப் பிரிவுக்கு அனுப்பி, திருத்தம் ஆணையாக வெளிவரும் வரை விடவில்லை. ஓய்வூதியம் ஸ்பார்ஷ் கணினி முறைக்கு மாறியபோது, அதிலும் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று மகளை உட்கார வைத்துப் பார்த்தார். தன் வேலை முடிந்ததும் செல்லூர், தத்தனேரி, மீனாம்பாள்புரம் என்று மற்றப் படைவீரர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். சிம்பு கொண்டு போனவர் கடைசிக் காலத்தில் காகித உறையோடு போனார். எத்தனை வீட்டுக்குப் போனார் என்ற கணக்கு அவர் நோட்டிலும் இல்லை. அவர் இறந்தபின் அத்தைக்குக் குடும்ப ஓய்வூதியம் தடங்கலில்லாமல் வந்துவிட்டது.

இப்போது நான் உங்களிடம் கேட்பது இரண்டு.

அந்தச் சிம்புக் கட்டு அவர் மூத்த மகளிடம் பத்திரமாக இருக்கிறது. கதவிலக்கம் உள்ளவை இருநூறுக்குக் குறையாது. உங்கள் வீட்டுச் சிம்பும் அதில் இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்க்க வரும்போது அவர்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுச் சிம்பைக் கண்டுபிடித்து, அந்தத் தறியில் உட்கார்ந்தது யார், எந்த வருடம் வந்தது, என்ன நெய்தார்கள், எப்போது பிரித்தார்கள் என்று மகள் வைத்திருக்கும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஆச்சியின் பெயரை முழுப் பெயராக எழுதுங்கள். செல்லூரில் யார் நெய்தார்கள் என்று எழுதிவைத்த புத்தகம் வேறு எதுவும் நம்மிடம் இல்லை.

இரண்டாவது, நாள் தள்ளக் கூடாதது. உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ பட்டாளத்தில் இருந்த தாத்தாவோ அப்பாவோ சித்தப்பாவோ இருந்தால், இந்த வாரமே தொலைபேசியில் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்து, மனைவியின் பெயர், பிறந்த தேதி, கூட்டு வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால், அவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போடும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போய்த் திருத்துங்கள். அவருக்குப் பிறகு அதே வேலைக்கு உங்கள் அம்மாவோ ஆச்சியோ தனியாக அலைய வேண்டியிருக்கும்.

அன்புடன்,
செல்லூர்த் தறி வீட்டில் பிறந்த ஒருவன்